லேக் பிளாசிட்டில் ஜெயித்தது யாருடைய ஆட்டம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

சென்ற வாரம் குளிர்கால ஒலிம்பிக்ஸ் பற்றி எழுதிய குறிப்பில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "1980இல் அமெரிக்கர்கள் சோவியத் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டுதான் சோவியத்தை ஜெயித்தார்கள்." எனக்கு அது ஒட்டவேயில்லை. அமெரிக்காவின் லேக் பிளாசிட்டில் நடந்த அந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைப் பற்றி ஹாலிவுட் படம் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். அதில் கல்லூரிப் பையன்கள், ஒரு முரட்டுக் கோச், நாட்டுப்பற்று, வியர்வை, கடைசியில் கண்ணீர். ரஷ்யர்களிடமிருந்து எதையோ படித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இன்னும் சில சந்தேகங்கள். உலகத்தின் சிறந்த கோல்கீப்பரை சோவியத் கோச் பாதியிலேயே வெளியே உட்காரவைத்துவிட்டார் என்கிறார்கள். அப்படியென்றால் அது அவர்களாகத் தோற்ற ஆட்டம்தானே? இவர்கள் கல்லூரிப் பையன்கள் என்பது எவ்வளவு தூரம் உண்மை? பனிப்போர் இல்லாவிட்டால் இதை யாராவது ஞாபகம் வைத்திருப்பார்களா? எனக்கு ஐஸ் ஹாக்கி விதிகள் அரைகுறையாகத்தான் தெரியும், அதையும் மனதில் வைத்து எழுதுங்கள்.

அன்புடன்,
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அந்தப் படம் பொய் சொல்லவில்லை, அதில் வரும் முக்கியமான சம்பவங்கள் நடந்தவைதான். ஆனால் சினிமாவில் கோச் கத்துவதைக் காட்டுவது சுலபம், ஐந்து பேர் பனியில் எப்படி இடம் மாறி இடம் மாறி ஓடினார்கள் என்பதைக் காட்டுவது கஷ்டம். அதனால் கத்தல் நிறைய வரும், ஹாக்கி கொஞ்சமாக வரும். நான் சொன்னது அந்த ஹாக்கியைப் பற்றி.

முதலில் விதிகள், நாலு வரியில். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், கோல்கீப்பரையும் சேர்த்து. இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி. பந்துக்குப் பதிலாக பக் என்று கெட்டியான ஒரு ரப்பர் வட்டு. ஆட்டம் நிற்காமலே ஆட்கள் மாறிக்கொண்டிருப்பார்கள், பெஞ்சிலிருந்து ஐந்து பேர் வேலியைத் தாண்டிக் குதிக்க, உள்ளே இருந்த ஐந்து பேர் வெளியே வந்துவிடுவார்கள், ஏனென்றால் அந்த வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது. தப்பாட்டம் ஆடியவன் இரண்டு நிமிடம் ஒரு பெட்டிக்குள் போய் உட்காரவேண்டும், அதுவரை அவன் அணிக்கு ஒரு ஆள் குறைவு, எதிரணிக்கு அது பவர் பிளே. இவ்வளவு போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கனடாவிலும் அமெரிக்காவிலும் அந்தக் காலத்தில் ஆடிய ஹாக்கி பெரும்பாலும் நேர்கோட்டு ஹாக்கி. இடது பக்கம் ஆடுகிறவன் இடது ஓரமாகவே மேலும் கீழும் போவான், வலது பக்கத்துக்காரன் வலது ஓரமாக. எதிரணி தடுத்தால் பக்கை அவர்கள் மூலைக்குள் அடித்துத் தள்ளிவிட்டுப் பின்னாலேயே ஓடிப்போய், அங்கே இருப்பவனைப் பலகையோடு சேர்த்து இடித்து, அதைத் திரும்பப் பிடுங்க வேண்டும். தோள் பலமும் தைரியமும் வேண்டிய ஆட்டம், அதில் ஒரு அழகும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். சோவியத் ஆட்டம் வேறு. அவர்களுக்கு பக்கைக் கையை விட்டு விடுவது என்பதே பிடிக்காது. முன்னால் வழியில்லையா, திரும்பி வட்டமடித்துத் தங்கள் பக்கத்துக்கே கொண்டுவந்து மறுபடி ஆரம்பிப்பார்கள். ஐந்து பேரும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டே நகர்வார்கள், இடது வலதாகும், பின்னால் இருந்தவன் முன்னால் வந்து நிற்பான். யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுப்பவன் நிற்கும்போது கோல் விழுந்திருக்கும்.

இதை உருவாக்கியவர்களில் முதல் பெயர் அனத்தோலி தராசோவ். ரஷ்யர்களுக்கு ஐஸ் ஹாக்கி பரம்பரைச் சொத்து இல்லை, இரண்டாம் உலகப் போர் முடிந்தபிறகு 1946இல்தான் அங்கே முதல் தேசிய லீக் தொடங்கியது. அதற்கு முன் அவர்கள் ஆடிக்கொண்டிருந்தது பேண்டி, கால்பந்து மைதானம் அளவுக்குப் பெரிய பனித்தளத்தில் சின்னப் பந்தை வைத்து ஆடும் ஆட்டம். அகலமான இடத்தில் ஓடி, பாஸ் கொடுத்துப் பழகிய கால்கள். செயற்கைப் பனித்தளங்கள் போதாததால் தராசோவ் ஆட்களைத் தரையிலேயே ஓடவும் குதிக்கவும் எடை தூக்கவும் வைத்தார். லாய்ட் பெர்சிவல் என்ற கனடியப் பயிற்சியாளர் எழுதிய கையேட்டையும் அவர் ஊன்றிப் படித்தார், சொந்த ஊரான கனடாவில் பெரிய ஆட்கள் யாரும் மதிக்காத புத்தகம் அது. 1954இல் ஸ்டாக்ஹோமில் சோவியத் அணி முதல்முறையாக உலகப் போட்டிக்கு வந்தது, வந்த வருடமே கனடாவை 7-2 என்று அடித்துத் தங்கம் வாங்கிக்கொண்டு போனது. 1963 முதல் 1971 வரை தொடர்ந்து ஒன்பது உலகப் பட்டங்கள், 1964, 1968, 1972, 1976 என்று நான்கு ஒலிம்பிக் தங்கம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது எதிர்ப்பக்கத்தில் நின்று அடி வாங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்தான் ஹெர்ப் புரூக்ஸ். மினசோட்டா மாநிலத்துக்காரர். 1960 ஒலிம்பிக்ஸில் அமெரிக்கா தங்கம் வாங்கியது, அதில் ஆடியிருக்க வேண்டியவர், போட்டி ஆரம்பிக்கும் சமயத்தில் அணியிலிருந்து கடைசி ஆளாக நீக்கப்பட்டார். (1980ஐப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு அமெரிக்கா இருபது வருடம் முன்பே சோவியத்தை ஜெயித்துத் தங்கம் வாங்கியிருந்தது என்பதே ஞாபகம் வருவதில்லை.) அப்புறம் 1964லிலும் 1968லிலும் ஆடினார், இரண்டு தடவையும் சோவியத்திடம் உதை, 5-1, 10-2. இப்படித் தோற்றவர்களில் பெரும்பாலோர் "அவர்கள் ராணுவ வீரர்கள், வருடம் முழுக்க இதே வேலை, நாம் என்ன செய்ய முடியும்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அது உண்மையும்கூட. புரூக்ஸ் மட்டும் அவர்கள் எப்படி நகர்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டார். மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாகி 1974, 1976, 1979 என்று மூன்று கல்லூரி சாம்பியன் பட்டங்களும் வாங்கினார். ஒலிம்பிக் அணி கைக்கு வந்ததும் அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: நாம் நம் வழக்கப்படி ஆடினால் தோற்போம், அவர்களைப் போல பக்கை வைத்துக்கொண்டு ஓடி ஆட வேண்டும், நம்முடைய இடியையும் விட வேண்டாம்.

இப்போது உங்கள் "கல்லூரிப் பையன்கள்" கேள்வி. பெரும்பாலும் உண்மை. சராசரி வயது 21 சொச்சம். இருபது பேரில் பன்னிரண்டு பேர் மினசோட்டாக்காரர்கள், நான்கு பேர் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள், இந்த இரண்டு கோஷ்டிக்கும் 1976 கல்லூரிப் போட்டியில் நடந்த அடிதடி வேறு இன்னும் ஆறவில்லை. ஆனால் வகுப்பை முடித்துவிட்டு சாயங்காலம் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த பையன்கள் என்று நினைத்தால் தப்பு. கேப்டன் மைக் எருசியோனி படிப்பை முடித்துச் சின்ன லீக் ஒன்றில் சம்பளத்துக்கு ஆடிவிட்டு வந்தவர், பஸ் ஷ்னைடர் முந்தைய ஒலிம்பிக்ஸிலேயே ஆடியவர். 1979 கோடையில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் தேர்வு நடந்தது. அங்கிருந்து பிப்ரவரி வரை முழுநேரமும் இதே வேலைதான், 60க்கும் மேற்பட்ட பயிற்சி ஆட்டங்கள். பதினெட்டு இருபது வருட சோவியத் பள்ளிப் படிப்பை ஏழு மாத டியூஷனில் முடிக்கப் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த டியூஷன் கொடுமையானது. நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள், ஆஸ்லோவில் நார்வேயுடன் 3-3 என்று சமன் செய்த இரவு, ஆட்டம் முடிந்ததும் பையன்களைத் திரும்பப் பனித்தளத்துக்கு இழுத்து, கோட்டிலிருந்து கோட்டுக்குத் திரும்பத் திரும்ப ஓடவைத்தது, அரங்கத்துக்காரர்கள் விளக்கை அணைத்துவிட்ட பிறகும் விடாதது. படம் இதை மன உறுதிக்கான பாடமாகக் காட்டுகிறது. எனக்கு அது கால்களுக்கான பாடமாகத்தான் படுகிறது. சோவியத் பாணி ஆட்டத்துக்கு அறுபதாவது நிமிடத்திலும் முதல் நிமிடத்து வேகம் வேண்டும். பாதி ஆட்டத்தில் கால் கனத்துவிட்டால் வட்டமடிப்பதெல்லாம் கனவு, பழையபடி பக்கை மூலைக்குத் தள்ளிவிட்டு மூச்சு வாங்க வேண்டியதுதான். புரூக்ஸின் குரூரத்தை நான் நியாயப்படுத்தவில்லை, பையன்கள் தன்னை வெறுக்கட்டும், அப்போதுதான் தங்களுக்குள் ஒன்றாவார்கள் என்று அவர் போட்ட கணக்கும் எனக்குப் பிடித்ததில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைசி ஆளாக நீக்கப்படுவது என்ன என்று தெரிந்த மனிதர், 1980இல் தானே ஒருவரைக் கடைசி ஆளாக நீக்க வேண்டியிருந்தது. ரால்ஃப் காக்ஸ் என்று பெயர். படத்திலும் வருவார்.

ஒலிம்பிக்ஸுக்குச் சில நாட்கள் முன், பிப்ரவரி 9ஆம் தேதி, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு காட்சி ஆட்டம். சோவியத் 10, அமெரிக்கா 3. அமெரிக்கப் பையன்கள் ஆடவே இல்லை, வேடிக்கை பார்த்தார்கள், சின்ன வயதிலிருந்து கேள்விப்பட்ட ஆட்களை நேரில் பார்க்கிற பிரமிப்பு. இதனால் கெட்டது சோவியத் அணிதான் என்று அவர்களுடைய கோச் விக்டர் டிகோனோவ் பிற்பாடு சொல்லியிருக்கிறார், என்ன சொல்லியும் அந்த 10-3ஐத் தன் ஆட்களின் மண்டையிலிருந்து எடுக்க முடியவில்லை என்று.

லேக் பிளாசிட்டில் பன்னிரண்டு அணிகளில் அமெரிக்காவுக்குக் கொடுத்த தரவரிசை ஏழு. முதல் ஆட்டத்தில் ஸ்வீடனிடம் தோற்கப்போய், 27 வினாடி மீதியிருக்கும்போது பில் பேக்கர் அடித்த கோலில் 2-2. இரண்டாவது ஆட்டம்தான் என் வாதத்துக்கு முக்கியம். சோவியத்துக்கு அடுத்த பலசாலி என்று எல்லோரும் சொன்ன செக்கோஸ்லோவாகியாவை 7-3 என்று அடித்தார்கள். ஏழு கோல்! இது கோல்கீப்பர் புண்ணியத்தில் தப்பித்த ஆட்டம் இல்லை, ஓடி அடித்த ஆட்டம். இதைக் கவனித்திருந்தால் எட்டு நாள் கழித்து நடந்ததற்கு உலகம் அத்தனை வாயைப் பிளந்திருக்காது.

பிப்ரவரி 22, வெள்ளிக்கிழமை, மாலை 5 மணி. முதல் பகுதியில் க்ருட்டோவ் ஒரு கோல், ஷ்னைடர் பதிலுக்கு ஒன்று, மகாரோவ் மறுபடி ஒன்று, சோவியத் 2-1. கடைசி சில வினாடிகள். டேவ் கிறிஸ்டியன் நடு அரங்கிலிருந்து சும்மா ஒரு அடி அடித்தார், சோவியத் கோல்கீப்பர் ட்ரெட்டியாக் அதைக் காலால் தடுத்தார், ஆனால் பக் முன்னாலேயே தெறித்து விழுந்தது. பகுதி முடிந்துவிட்டது என்று சோவியத் தடுப்பாளர்கள் இருவரும் தளர்ந்த நேரம், மார்க் ஜான்சன் இருவருக்கும் நடுவே புகுந்து கோல் போட்டார். கடிகாரத்தில் மீதி ஒரே ஒரு வினாடி. 2-2.

இடைவேளையில்தான் டிகோனோவ் ட்ரெட்டியாக்கை உட்காரவைத்தார். உங்கள் கேள்வி இதுதான், இதைத்தான் நாற்பது சொச்ச வருடமாக எல்லோரும் கேட்கிறார்கள். டிகோனோவே அதைத் தன் வாழ்க்கையின் பெரிய தவறு என்று ஒத்துக்கொண்டார். பல வருடம் கழித்து ஜான்சனும் சோவியத் தடுப்பாளர் ஃபெட்டிசோவும் நியூ ஜெர்சி கிளப்பில் ஒரே அணியில் ஆடினார்கள், அப்போது ஜான்சன் இதைப் பற்றிக் கேட்டதற்கு ஃபெட்டிசோவ் சொன்ன பதில், கோச்சுக்குக் கிறுக்கு என்பதுதான். சரி, தவறுதான். ஆனால் அதனால்தான் தோற்றார்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். உள்ளே வந்த மிஷ்கின் ஒன்றும் சோதாப் பேர்வழி இல்லை, ஒரு வருடம் முன் இதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லின் நட்சத்திரங்களை ஒரு கோல்கூடப் போடவிடாமல் சோவியத் 6-0 என்று ஜெயித்தபோது கோலில் நின்றவர் அவர்தான். கணக்கையும் பாருங்கள்: முதல் பகுதியில் ட்ரெட்டியாக் மேல் வந்தது 8 ஷாட், விட்டது 2 கோல். மற்ற இரண்டு பகுதிகளில் மிஷ்கின் மேல் வந்ததும் 8 ஷாட், விட்டதும் 2 கோல். அந்த மாற்றம் கெடுத்தது கோலை அல்ல, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களின் மனதை என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். கோச்சே பயந்துவிட்டார் என்று தெரிந்தால் ஆடுகிறவனுக்கு என்ன ஆகும்.

இரண்டாவது பகுதி முழுக்க சோவியத். மால்ட்சேவ் பவர் பிளேயில் ஒன்று அடித்து 3-2. ஷாட் கணக்கு 12க்கு 2. இந்த இருபது நிமிடத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி, அமெரிக்கர்கள் தொங்கிக்கொண்டுதான் இருந்தார்கள், விழவிடாமல் பிடித்துக்கொண்டவர் கோல்கீப்பர் ஜிம் கிரெய்க், அன்று மொத்தம் 39 ஷாட்டில் 36ஐத் தடுத்தவர். ஒரு அதிர்ஷ்டமும் இல்லை என்று நான் வாதாடவில்லை. கோல்கீப்பர் அப்படி நின்றால்தான் பலவீனமான அணி கடைசிப் பகுதிக்கு உயிரோடு போகும்.

ஆனால் கடைசிப் பகுதிதான் ஆட்டம். சோவியத் அணி மற்றவர்களைத் தின்றது எப்போதும் அங்கேதான். அதே ஒலிம்பிக்ஸில் ஃபின்லாந்திடமும் கனடாவிடமும் பின்தங்கியிருந்து, எதிரணி களைத்த நேரத்தில் பாய்ந்து 4-2 என்றும் 6-4 என்றும் முடித்திருந்தார்கள். அன்று அந்தப் பகுதியில் அவர்கள் அடித்த ஷாட்டே ஒன்பதுதான். முதல் பகுதியில் பதினெட்டு, இரண்டாவதில் பன்னிரண்டு, மூன்றாவதில் ஒன்பது. களைத்தது அவர்கள். டிகோனோவ் நம்பிக்கையான பழைய ஆட்களையே, மிகைலோவ், பெட்ரோவ், கர்லாமோவ் என்று முப்பதைத் தாண்டியவர்களையே மாற்றி மாற்றி நீண்ட நேரம் ஆடவிட்டார். புரூக்ஸ் நான்கு வரிசை ஆட்களையும் குட்டிக் குட்டி நேரத்துக்கு, நாற்பது வினாடிக்குள்ளாக, மாற்றிக்கொண்டே இருந்தார். க்ருட்டோவ் மட்டையை உயர்த்தியதற்காகப் பெட்டிக்குப் போனார், அந்தப் பவர் பிளே முடியப்போகிற நேரத்தில் ஜான்சன் மறுபடி, 3-3. ஒன்றரை நிமிடத்துக்குள் அடுத்தது. ஷ்னைடர் பக்கை மூலைக்குள் தள்ளிவிட்டுப் பெஞ்சுக்கு வந்தார், அவருக்குப் பதிலாக எருசியோனி குதித்தார், மூலையில் ஹாரிங்டனும் பாவெலிச்சும் மல்லுக்கட்டி பக்கை எடுத்து நடுவே தட்டிவிட, அங்கே ஒருவரும் பிடிக்காமல் தனியாக நின்றுகொண்டிருந்தார் எருசியோனி. தடுப்பாளர் ஒருவர் குறுக்கே நின்றதில் மிஷ்கினுக்குப் பார்வையும் மறைந்தது. 4-3. இன்னும் சரியாகப் பத்து நிமிடம்.

இந்த கோலைக் கவனித்தீர்களா, பக்கை மூலைக்குத் தள்ளியது பழைய வட அமெரிக்க வழி, ஓடுகிற ஓட்டத்திலேயே ஆள் மாறிப் புதுக் காலோடு காலியிடத்துக்கு ஒருவன் வந்து நின்றது சோவியத் வழி. புரூக்ஸ் கலந்த கலவை அதுதான். தேசபக்தியால் காலியிடம் கிடைக்காது.

அப்புறம் அந்தப் பத்து நிமிடம். பெஞ்சில் நின்றுகொண்டு புரூக்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னது உங்கள் ஆட்டத்தை ஆடுங்கள், உங்கள் ஆட்டத்தை ஆடுங்கள் என்பதை மட்டும். முன்னணியில் இருக்கிற பலவீனமான அணி செய்வது என்ன? எல்லோரும் கோல் முன்னால் குவிந்துகொண்டு கும்பிட்டபடி நிற்பது. இவர்கள் நிற்கவில்லை, பக்கை எடுத்துக்கொண்டு மேலே போய்க்கொண்டே இருந்தார்கள். பதறியது மறுபக்கம். கடைசி நிமிடத்தில் ஒரு கோல் பின்தங்கியவர்கள் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவதாக ஒரு ஆட்டக்காரரை உள்ளே விடுவது வழக்கம். சோவியத் அதைச் செய்யவேயில்லை. ஆறு பேரை வைத்து ஆடுவதை நாங்கள் பயிற்சி செய்ததே இல்லை என்று தடுப்பாளர் ஸ்தாரிகோவ் பிற்பாடு விளக்கினார். எதற்குப் பயிற்சி செய்ய வேண்டும், அவர்கள்தான் பின்தங்குவதே இல்லையே. இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த விவரம் இது.

பனிப்போர் இல்லாவிட்டால் ஞாபகம் வைத்திருப்பார்களா என்று கேட்டீர்கள். இந்த அளவுக்கு இல்லை, கண்டிப்பாக. தெஹ்ரானில் 50க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள், டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போயிருந்தது, மாஸ்கோ ஒலிம்பிக்ஸைப் புறக்கணிப்போம் என்று ஜனாதிபதி கார்ட்டர் எச்சரித்துக்கொண்டிருந்தார். அந்த நாட்டுக்கு அப்போது ஏதாவது ஒரு வெற்றி தேவைப்பட்டது, கிடைத்தது ஹாக்கி. பெரும்பாலான அமெரிக்கர்கள் ஆட்டத்தை நேரலையில் பார்க்கவில்லை, ஏபிசி தொலைக்காட்சி மூன்று மணி நேரம் கழித்து இரவு எட்டு மணிக்குத்தான் போட்டது, அதையும் முழுதாக இல்லை. வர்ணனையாளர் அல் மைக்கேல்ஸ் கடைசி வினாடிகளில் "அதிசயங்களை நம்புகிறீர்களா? ஆம்!" என்று கத்தியது அப்புறம் ஆயிரம் தடவை ஓடியது. அது தங்கத்துக்கான ஆட்டம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபின்லாந்தை ஜெயித்தால்தான் தங்கம், அங்கே இரண்டு பகுதி முடிந்தபோது 1-2 என்று பின்தங்கித்தான் இருந்தார்கள். இதில் தோற்றால் சுடுகாடு வரை உங்களோடு வரும் என்று புரூக்ஸ் சொல்லிவிட்டு, கதவு வரை போய், திரும்பிப் பார்த்து, இன்னொரு முறை அதையே வசையோடு சேர்த்துச் சொன்னாராம். கடைசிப் பகுதியில் மூன்று கோல், 4-2. மறுபடியும் கடைசிப் பகுதி, பாருங்கள்.

அரசியல் ஒரு ஆட்டத்தைப் பிரபலமாக்கும், ஆனால் ஜெயிக்கவைக்காது. இதற்கு எதிர் உதாரணம் கேட்டால் 1976 ஏப்ரல் 8, போலந்தின் கட்டோவிட்சே நகரம், உலக சாம்பியன்ஷிப்பின் தொடக்க நாள். இரண்டு மாதம் முன்புதான் இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்ஸில் சோவியத் போலந்தை 16-1 என்று நசுக்கியிருந்தது. அன்று போலந்து 6-4 என்று ஜெயித்தது, வியெஸ்வாவ் யோப்சிக் மூன்று கோல். அங்கேயும் அரசியலுக்குப் பஞ்சமில்லை, மாஸ்கோவின் பிடியில் இருந்த நாடு, அரங்கம் எப்படிக் கொந்தளித்திருக்கும் என்று யோசியுங்கள். ஆனால் அது ஒரு நாள் கூத்து. அதே போட்டியின் முடிவில் போலந்து கடைசி இரண்டு இடங்களுக்குள் விழுந்து, சொந்த ஊரிலேயே கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டது. உலக சாம்பியனை அடித்த அணி, அந்த மாதமே கீழே! இன்னொன்று, 2002 சால்ட் லேக் சிட்டியில் பெலாரூஸ் ஸ்வீடனை 4-3 என்று வெளியேற்றியது. ஆட்டம் முடிய இரண்டரை நிமிடம்கூட இல்லாதபோது விளாதிமிர் கோபாட் வெகுதூரத்திலிருந்து அடித்த பக், கோல்கீப்பர் டாமி சாலோவின் முகமூடியில் பட்டு எகிறி, அவர் முதுகுப் பக்கமாகக் கோலுக்குள் விழுந்தது. அடுத்த ஆட்டத்திலேயே பெலாரூஸ் கனடாவிடம் 7-1. அதிர்ஷ்டம் என்று நீங்கள் தேடுவது இந்த இரண்டில் நிறைய இருக்கிறது. எனக்கு இரண்டுமே பிடிக்கும். ஆனால் 1980 இந்த வகை இல்லை, அந்த அணி ஏழு ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

நான் சொன்ன வரிக்கு ஆதாரம் ஆட்டத்துக்குப் பின்னாலும் உண்டு. புரூக்ஸ் 1981இல் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குக் கோச்சாகப் போனார், அங்கேயும் மலை மாதிரி ஆட்களை விட்டுவிட்டு உருவத்தில் சின்ன, காலில் வேகமுள்ளவர்களை வைத்துக்கொண்டு இதே ஓட்ட ஹாக்கியைத்தான் ஆடினார், பாவெலிச்சையும் கூட்டிக்கொண்டார். சோவியத் பக்கம் என்ன நடந்தது? தோற்றதால் அவர்கள் அழிந்துவிடவில்லை. டிகோனோவ் பழைய ஆட்களை ஒவ்வொருவராக வழியனுப்பிவிட்டு லேக் பிளாசிட்டில் ஆடிய இளசுகளான க்ருட்டோவ், மகாரோவ், ஃபெட்டிசோவ், கசடோனோவ் ஆகியோரோடு லாரியோனோவைச் சேர்த்து ஒரு ஐவரை உருவாக்கினார். என்னைக் கேட்டால் ஹாக்கியில் அதைவிட அழகான ஐவர் கிடையாது. அந்த அழகுக்கு விலை, வருடத்தில் பெரும்பாலான நாட்கள் குடும்பத்தைப் பிரிந்து முகாமில் அடைந்து கிடந்தது, அதை மறந்துவிட்டு ரசிக்கவும் முடியவில்லை. 1981இல் கனடா கோப்பை இறுதியில் கனடாவையே 8-1, 1984லிலும் 1988லிலும் ஒலிம்பிக் தங்கம். 1984இல் அமெரிக்கா ஏழாவது இடம். 1980 அணியில் பதின்மூன்று பேர் என்ஹெச்எல்லுக்குப் போனார்கள், அவர்களில் கென் மாரோ அதே வருடம் என்ஹெச்எல் பட்டமான ஸ்டான்லி கோப்பையையும் தூக்கினார். எருசியோனி போகவேயில்லை, அந்த வயதில் இனி இதைவிட என்ன என்று மட்டையை வைத்துவிட்டார்.

கடன் வாங்கல் அதோடு நிற்கவில்லை. 1989க்குப் பிறகு சோவியத் ஆட்டக்காரர்கள் அமெரிக்காவுக்கு ஆட வந்தார்கள். டெட்ராய்ட் அணியில் ஃபெட்டிசோவும் லாரியோனோவும் உள்ளிட்ட ஐந்து ரஷ்யர்களை ஒரே வரிசையில் ஆடவிட்டார்கள், 1997இல் ஸ்டான்லி கோப்பை. அதே ஃபெட்டிசோவ் 2002 ஒலிம்பிக்ஸில் ரஷ்யாவின் கோச், அமெரிக்காவின் கோச் புரூக்ஸ், இரண்டும் அரையிறுதியில் மோதிய தேதி பிப்ரவரி 22. அமெரிக்கா 3-2. அடுத்த வருடம் ஆகஸ்டில் புரூக்ஸ் ஒரு கார் விபத்தில் போய்விட்டார்.

படத்தை ஓரமாக வைத்துவிட்டு முழு ஆட்டத்தின் பதிவைப் பாருங்கள், தேடினால் கிடைக்கும். முதலில் இரண்டாவது பகுதி, மால்ட்சேவின் கோலுக்கு அப்புறம் ஒரு ஐந்து நிமிடம், சோவியத் அணி பக்கை வைத்துக்கொண்டு எப்படிச் சுற்றுகிறது என்று கண்ணுக்குப் பழகுவதற்கு. அப்புறம் மூன்றாவது பகுதியில் எருசியோனியின் கோலுக்கு அடுத்து. பக்கைப் பார்க்காதீர்கள், இரண்டு பெஞ்சுகளிலிருந்தும் யார் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை குதிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு உடன்பாடில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், சண்டை போடலாம்.

அன்புடன்.